காட்டுப் பறவை மறுவாழ்வில் மாணவர் பயிற்சி: பினாங்கிலிருந்து கிளம்புபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பினாங்கில் ஆண்டின் முதல் பாதி குஞ்சுகள் கூட்டிலிருந்து விழும் காலம். மைனா, சின்னான், புள்ளிப்புறா, தேன்சிட்டு என்று அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம் தொடங்கி கோயில் வாசல் மரம் வரை எங்கு பார்த்தாலும் கூடுதான். செப்டம்பர் பிறந்ததும் வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் இரவில் கண்ணாடிக் கட்டடங்களில் மோதத் தொடங்கும். இப்படி அடிபட்டவற்றையும் தாயை இழந்தவற்றையும் தேற்றி, தானாகவே பிழைத்துக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுவந்து வெளியே விடுவதுதான் பறவை மறுவாழ்வு வேலை. படிக்கும்போதே அதில் பயிற்சி எடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உயிரியலோ கால்நடை மருத்துவமோ படிப்பவர்களுக்கு இது முழுவதும் பொருந்தும். டிப்ளோமா மாணவர்களும் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வை முடித்துவிட்டுக் காத்திருப்பவர்களும் பாதிக்குமேல் பயன்படுத்திக்கொள்ளலாம்.

“எனக்குப் பறவை என்றால் உயிர்” என்று விண்ணப்பத்தில் எழுதினால் இடம் கிடைத்துவிடாது. கூண்டை ஒழுங்காகக் கழுவுகிறவர், எடையை கிராம் கணக்கில் குறித்து வைக்கிறவர், தேவையில்லாமல் பறவையைத் தொடாதவர், இந்த மூன்றும் சேர்ந்த ஆளைத்தான் எல்லா இடத்திலும் தேடுகிறார்கள்.

படி 1: சட்டத்தைப் படித்துக்கொள்ளுங்கள்

தீபகற்ப மலேசியாவில் காட்டுப் பறவைகளைக் காப்பது 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716. நடைமுறைப்படுத்துவது வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையான பெர்ஹிலித்தான். சட்டத்தின் முதல் அட்டவணையில் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களும், இரண்டாம் அட்டவணையில் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டவையும் உள்ளன. இவற்றை உரிமமோ அனுமதியோ இல்லாமல் வைத்திருப்பது குற்றம். “காப்பாற்றத்தானே வைத்திருந்தேன்” என்று சொல்வதால் அது உரிமம் ஆகிவிடாது. 2022இல் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளையும் கூட்டிவிட்டார்கள்.

இது மாணவருக்கு ஏன் முக்கியம்? வீட்டுப் பின்கட்டில் பத்துக் கூண்டு வைத்துக்கொண்டு “ரெஸ்கியூ” செய்கிற நல்ல மனிதர்கள் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்களிடம் பயிற்சிக்குப் போனால் உங்கள் லாக் புக்கில் நீங்கள் எழுதுவதெல்லாம் அனுமதியில்லாத வேலையின் பதிவாகிவிடலாம். ஆகவே முதல் கேள்வி எப்போதும் இதுதான்: “இந்தப் பறவைகளை வைத்திருக்க உங்களிடம் பெர்ஹிலித்தான் அனுமதி இருக்கிறதா?” ஒழுங்கான இடம் இதற்குக் கோபப்படாது. தாளை எடுத்தே காட்டும்.

இன்னொரு சட்டமும் உண்டு. 1974ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டப்படி, சிகிச்சை என்பது பதிவு பெற்ற மருத்துவரின் வேலை. பயிற்சி மாணவர் ஊசி போடுவதோ மருந்தளவை முடிவுசெய்வதோ கிடையாது. மருத்துவர் பக்கத்தில் நின்று சொன்னால் சொன்னதைச் செய்யலாம், அவ்வளவுதான். முதல் நாளே உங்கள் கையில் ஊசியைக் கொடுக்கும் இடத்தைப் பார்த்துப் பெருமைப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

படி 2: எங்கே போகலாம்

காட்டுப் பறவைகளுக்கென்றே தனி மருத்துவமனை என்பது நம் பக்கத்தில் அரிது. அதனால் “பறவை மறுவாழ்வு மையம்” என்ற பெயர்ப்பலகையைத் தேடி அலைய வேண்டாம். அந்த வேலை எங்கெங்கே துண்டு துண்டாக நடக்கிறது என்று பாருங்கள்.

பேராக் மாநிலம் சுங்காயில் பெர்ஹிலித்தானின் தேசிய வனவிலங்கு மீட்பு மையம் இருக்கிறது. காயம்பட்டதும் பறிமுதல் செய்யப்பட்டதுமாகப் பலவகை விலங்குகள் அங்கே வரும். பறவையும் வரும், புலியும் வரும். “எனக்குப் பறவை மட்டும்தான்” என்று அடம்பிடிப்பவருக்கு அது சரிப்படாது. ஆனால் அரசு முறைப்படி பதிவு, தனிமைப்படுத்தல், விடுவிப்பு எல்லாம் எப்படி நடக்கின்றன என்று கற்க அதைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம். பட்டர்வொர்த்திலிருந்து போகிறவர்களுக்கு ரயில் வசதி உண்டு. இறங்கிய பிறகு சொந்த வண்டி இல்லாமல் சிரமம், அதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

செர்டாங்கில் யூபிஎம் (புத்ரா மலேசியா பல்கலைக்கழகம்) கால்நடை மருத்துவப் புலமும் அதன் மருத்துவமனையும் உள்ளன. மருத்துவம் படிப்பவர்களுக்கு அதுதான் இயல்பான வாசல். அறுவை, எக்ஸ்ரே, மயக்க மருந்து எல்லாவற்றையும் அருகிலிருந்து பார்க்கலாம்.

அடுத்தது விலங்குக்காட்சிச் சாலைகளும் பறவைப் பூங்காக்களும். 1963இல் திறக்கப்பட்ட ஜூ நெகாரா, கோலாலம்பூர் ஏரித்தோட்டத்தை ஒட்டியுள்ள 20.9 ஏக்கர் பறவைப் பூங்கா, நம் செபராங் ஜெயாவில் இருக்கும் பினாங்கு பறவைப் பூங்கா ஆகியவை தெரிந்தவை. இவை மறுவாழ்வு மையங்கள் அல்ல. அங்கே இருக்கும் பறவை அங்கேயே இருக்கும். இருந்தாலும் உணவு தயாரிப்பது, கூண்டு பராமரிப்பது, பறவையைப் பிடிப்பது, நோய் அறிகுறியைக் கவனிப்பது ஆகியவற்றை இங்கே கற்றுக்கொண்டு போகிறவரை மீட்பு மையம் தயங்காமல் எடுத்துக்கொள்ளும். ஜூ நெகாராவில் வளர்த்த பால் நாரைகளைக் காட்டில் விட்ட வரலாறும் உண்டு. வளர்ப்புக்கும் விடுவிப்புக்கும் உள்ள தூரத்தை நேரில் அறிய விரும்புபவர் அதைப்பற்றிக் கேட்டுப் பார்க்கலாம்.

தனியார் கால்நடை கிளினிக்குகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பூனை, நாயோடு பறவையும் பார்க்கிற கிளினிக் பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் உண்டு. மாதம் முழுக்கக் காதல் பறவையும் காக்கட்டூவும்தான் வரும் என்றாலும் பறவையின் உடம்பு ஒரே உடம்புதான். எடை, மார்பெலும்பு, மூச்சு, எச்சம் இவற்றைப் பார்க்கக் கண் பழகிவிடும்.

மருத்துவத்தில் நாட்டமில்லை, ஆய்வுதான் விருப்பம் என்பவர்கள் பினாங்கின் யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) உயிரியல் துறையைக் கேளுங்கள். செம்பனைத் தோட்டத்தில் எலியைப் பிடிக்கும் கூகை என்ற ஆந்தைகள் பற்றிய ஆய்வு அங்கே நடந்துவருகிறது. எலிமருந்து தின்ற எலியை ஆந்தை தின்றால் ஆந்தைக்கும் உள்ளே ரத்தக்கசிவு வரும். மறுவாழ்வுக் கூண்டுக்கு வரும் ஆந்தையின் கதை பல நேரம் தோட்டத்தில்தான் தொடங்குகிறது.

வெளிநாடு போக வாய்ப்புள்ளவர்களுக்குச் சிங்கப்பூரின் விலங்கு மீட்பு அமைப்பான ஏக்கர்ஸ் பக்கத்தில் இருக்கிறது. தூரம் போனால் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்து டிரை-ஸ்டேட் பறவை மீட்பு மையம் உண்டு. 1976இல் டெலவேர் ஆற்றில் நடந்த எண்ணெய்க் கசிவைத் தொடர்ந்து உருவான அந்த மையம், எண்ணெய் படிந்த பறவையைக் கழுவும் முறைகளுக்குப் பெயர் பெற்றது. அந்தச் செலவுக்கும் விசாவுக்கும் வீட்டில் கடன் வாங்காதீர்கள். முதல் பயிற்சியை இங்கே முடித்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம்.

படி 3: விலக வேண்டிய இடங்களை அடையாளம் காணுங்கள்

பார்வையாளர் ஆந்தையைக் கையில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் இடம். ஒவ்வொரு பறவைக்கும் செல்லப்பெயர் வைத்துத் தினமும் வீடியோ போடும் இடம். புதிதாக வந்த பறவையை நேராகப் பழைய கூண்டிலேயே விடும் இடம். “போன வருடம் எத்தனை பறவை வந்தது, எத்தனை வெளியே போனது, எத்தனை இறந்தது?” என்று கேட்டால் இறப்புக் கணக்கு மட்டும் இல்லாத இடம். காயம்பட்டு வரும் காட்டுப் பறவைகளில் கணிசமானவை பிழைக்காது. ஒன்றுகூடச் சாகவில்லை என்று சொல்பவர் கணக்கு எழுதவில்லை, அல்லது உங்களிடம் உண்மை சொல்லவில்லை.

பயிற்சிக்கு உங்களிடமே பெரிய தொகை கேட்டால் அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். தங்குமிடம், சாப்பாடு என்றால் சரி. “பறவையைத் தொட்டுப் பழகும் அனுபவம்” என்றால் அது பயிற்சி இல்லை, சுற்றுலா.

படி 4: விண்ணப்பம்

பயிற்சி தொடங்கும் தேதிக்கு 6 மாதம் முன்னதாக ஆரம்பியுங்கள். அரசுத் துறையில் கடிதம் மேசை மாறி மாறிப் போகும், அதற்கு நேரம் வேண்டும். எந்த மாதத்தில் போகலாம் என்று தேர்ந்தெடுக்க முடிந்தால், குஞ்சு வளர்ப்பைக் கற்க மார்ச் முதல் ஜூன் வரை நல்ல காலம். வலசைப் பறவை, கண்ணாடி மோதல் இவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் அக்டோபர், நவம்பர்.

கடிதத்தை மலாயில் எழுதுங்கள், ஒரு பக்கம் போதும். நீங்கள் யார், என்ன படிக்கிறீர்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, பல்கலைக்கழகம் இதை லத்திஹான் இண்டஸ்ட்ரியாக, அதாவது படிப்பைச் சேர்ந்த தொழிற்பயிற்சியாக ஏற்கிறதா, காப்புறுதி யார் பொறுப்பு, இவைதான் முதல் பத்தி. இரண்டாம் பத்தியில் உங்களால் உடனே செய்யக்கூடியவற்றைச் சொல்லுங்கள். “மோட்டார் உரிமம் உண்டு, வார இறுதியிலும் வேலை செய்வேன், எக்ஸெலில் பதிவு வைக்கத் தெரியும், மலாயும் தமிழும் பேசுவேன், ஹொக்கியன் கொஞ்சம் வரும்” என்ற ஒரு வரி, இயற்கை அன்பைப் பற்றிய மூன்று பத்திக்குச் சமம். மீட்பு மையத்துக்குத் தொலைபேசியில் அழைப்பவர்கள் எல்லா மொழிக்காரர்களும்தான். தமிழில் பேசி ஒரு பாட்டியைப் பதறாமல் இருக்க வைக்க முடிவது ஒரு திறமை. வெட்கப்படாமல் எழுதுங்கள்.

கடிதம் அனுப்பி இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் தொலைபேசியில் கேளுங்கள். திரும்பத் திரும்ப மின்னஞ்சல் அனுப்புவதைவிட அதற்குப் பலன் அதிகம். உதவித்தொகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள், கிடைத்தால் லாபம். அறை வாடகை, பெட்ரோல், சாப்பாடு மூன்றையும் ரிங்கிட்டில் கணக்குப்போட்டு வீட்டில் முன்பே பேசிவிடுங்கள்.

வீட்டில் பேசுவது தனி வேலை. “இவ்ளோ படிச்சிட்டு காக்காக்குச் சோறு ஊட்டப் போறியா?” என்று அம்மா கேட்பார், கேட்க வேண்டிய கேள்விதான் அது. பயிற்சி எத்தனை கிரெடிட், மேற்பார்வையாளர் யார், முடித்தால் எந்தெந்த வேலைக்கு உதவும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். சைவ வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயம். ஆந்தைக்கும் பருந்துக்கும் முழு எலி, ஒருநாள் கோழிக்குஞ்சு இவைதான் சாப்பாடு. நறுக்கப்போவது நீங்கள். முடியாது என்றால் நேர்காணலிலேயே சொல்லிவிடுங்கள், பழம் தின்னும் பறவைகள் பக்கம் விடுவார்கள். சொல்லாமல் போய் மூன்றாம் நாள் அழுதால் எல்லாருக்கும் சங்கடம்.

படி 5: போவதற்கு முன் உடம்பையும் கண்ணையும் தயார் செய்யுங்கள்

டெட்டனஸ் தடுப்பூசி நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்துமா இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், இறகுத்தூளும் காய்ந்த எச்சமும் நுரையீரலுக்கு ஆகாது. பறவையிடமிருந்து மனிதருக்கு வரும் நோய்களில் நுரையீரலைத் தாக்கும் சிட்டகோசிஸும் குடலைத் தாக்கும் சால்மொனெல்லாவும் முக்கியமானவை. பறவைக்காய்ச்சல் இங்கேயும் வந்திருக்கிறது, 2017இல் கிளந்தானில் கோழிகளில் எச்5என்1 கண்டறியப்பட்டது. எச்சத்தை உலர்வாகப் பெருக்காதீர்கள். நனைத்துவிட்டுத் துடையுங்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பயிற்சிக் காலத்தில் காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால் கிளினிக்கில் “பறவைகளோடு வேலை செய்கிறேன்” என்று மறக்காமல் சொல்லுங்கள்.

வீட்டில் கோழியோ புறாவோ காதல் பறவையோ இருந்தால் மையத்தில் தெரிவியுங்கள். மையத்துக் காலணியும் உடுப்பும் மையத்திலேயே இருக்கட்டும். நோய் இரண்டு பக்கமும் போகும்.

பறவை அடையாளம் தெரியாமல் போகாதீர்கள். என்ன பறவை என்று தெரியாவிட்டால் என்ன தின்னும் என்று தெரியாது. பினாங்கில் அன்றாடம் கண்ணில் படும் 30 பறவைகளை முதலில் கற்றால் போதும்: மைனா வகைகள், சின்னான், முராய், மாங்குயில், குயில், தையல்சிட்டு, தேன்சிட்டு, பச்சைப்புறா, மெர்போக் என்ற சிறு புறா, வெண்தொண்டை மீன்கொத்தி, பஞ்சுருட்டான், உழவாரன், கூகை, செம்பருந்து, வெண்வயிற்றுக் கடற்கழுகு, இருவாச்சி, கொக்குகள். பினாங்குத் தாவரவியல் பூங்காவில் காலை 7 மணிக்கு நடந்தால் இதில் பாதி கிடைக்கும். 1940இல் தொடங்கிய மலேசிய இயற்கைக் கழகத்துக்குப் பினாங்குக் கிளை உண்டு, அவர்களோடு நடந்தால் இன்னும் விரைவாகப் பழகும். கடலோரப் பறவைகளைப் பார்க்க வேண்டுமென்றால் செபராங் பிறையின் தெலுக் ஆயர் தாவார் முதல் கோல மூடா வரையுள்ள சேற்றுக்கரைக்குப் போங்கள்.

உடற்கூறு கற்க அதிகம் செலவு வேண்டாம். சந்தையில் ஒரு முழுக்கோழி வாங்குங்கள். மார்பின் நடுவே மேடாக ஓடும் எலும்பைத் தடவிப் பாருங்கள். அதன் இரு பக்கமும் சதை எவ்வளவு என்பதை வைத்துத்தான் பறவை பட்டினி கிடந்ததா என்று சொல்கிறார்கள். தோள் எலும்புகள், இரைப்பை, இறக்கை மடங்கும் மூட்டு எல்லாவற்றையும் பாருங்கள். இறக்கையை எட்டு வடிவில் துணிச்சுற்றுப் போட்டுப் பழகுங்கள். அப்புறம் குழம்பு வைத்துவிடலாம்.

படி 6: முதல் வாரம்

பாத்திரம் கழுவுவீர்கள். துணி மாற்றுவீர்கள். பப்பாளியும் வாழைப்பழமும் நறுக்குவீர்கள். புழு எண்ணுவீர்கள். பறவையைத் தொடவே விடமாட்டார்கள். இதில் மனம் சுருங்கிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கூர்ந்து பார்க்கிறவருக்கு இந்த வாரத்தில்தான் நிறையக் கிடைக்கும். எச்சம் எந்த நிறம், நேற்று வைத்ததில் எவ்வளவு மிச்சம், ஆந்தை இரையின் எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கியதா, எந்தப் பறவை கூண்டின் அடித்தளத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. காட்டுப் பறவை நோயை மறைக்கும், வெளியே காட்டினால் வேட்டைக்காரன் கண்ணில் படும் என்பது அதன் இயல்பு. அது வெளிப்படையாகச் சோர்ந்து உட்காரும்போது பெரும்பாலும் நிலைமை முற்றியிருக்கும். கூண்டு கழுவுகிறவர்தான் அதை முதலில் பார்ப்பார்.

உணவுப் பாடமும் இங்கேயே தொடங்கும். பருந்துக்கு வெறும் இறைச்சி கொடுத்தால் சுண்ணாம்புச் சத்துப் போதாமல் எலும்பு வளையும், முழு இரைதான் வேண்டும். மீன்கொத்திக்குச் சிறு மீன் முழுதாக. உறைய வைத்த மீனை மட்டுமே நீண்ட நாள் கொடுத்தால் தயமின் (வைட்டமின் பி1) குறையும். சின்னானுக்குப் பழமும் பூச்சியும். புறாக்குஞ்சு மற்ற குஞ்சுகளைப்போல வாயைப் பிளந்து கேட்காது. தாயின் வாய்க்குள் அலகை விட்டு இரைப்பைப் பாலை உறிஞ்சும், அதனால் அதற்கு ஊட்டும் முறையே வேறு. பாலில் ஊறிய ரொட்டி எந்தப் பறவைக்கும் ஆகாது. பறவைக்குப் பால் செரிக்காது.

படி 7: தொலைபேசியும் வரவேற்பு மேசையும்

என் கணிப்பில் ஒரு மையம் காப்பாற்றும் பறவைகளில் பெரும்பகுதி கூண்டுக்குள் வருவதே இல்லை. தொலைபேசியிலேயே அவற்றின் கதை நல்லபடியாக முடிந்துவிடுகிறது. ஆகவே இந்தப் பகுதியை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

“தம்பி, குருவிக்குஞ்சு ஒண்ணு கீழ விழுந்து கெடக்குது. தண்ணி குடுத்தேன், குடிக்க மாட்டேங்குது.”

“ஆண்ட்டி, மொதல்ல தண்ணி குடுக்காதீங்க. ஒடம்புல எறக இருக்கா, இல்ல வெறும் தோலா?”

“எறக இருக்கு. வால் மட்டும் குட்டையா இருக்கு. தத்தித் தத்திப் போவுது.”

“அப்ப அது பறக்கப் பழகுற குஞ்சு ஆண்ட்டி. பூனை இருந்தா பூனைய வீட்டுக்குள்ள விடுங்க. குஞ்ச பக்கத்துச் செடி மேல வெச்சிட்டுத் தள்ளி நின்னு பாருங்க. அம்மா வரும்.”

இந்த உரையாடல் இரண்டு நிமிடம். ஒரு பறவை அதன் தாயிடமே இருந்துவிட்டது. மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்று நம் வீடுகளில் எல்லாரும் சொல்வார்கள். அது தவறு, பொறுமையாகச் சொல்லிப் புரியவையுங்கள். இறகே முளைக்காத குஞ்சு என்றால் கூட்டில் திரும்ப வைக்கச் சொல்லுங்கள். கூடு சிதைந்திருந்தால் அடியில் ஓட்டையுள்ள சிறு பிளாஸ்டிக் கூடையில் காய்ந்த புல் போட்டு அதே மரத்தில் கட்டலாம். உழவாரன் குஞ்சு மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதற்குக் கிளையில் உட்காரத் தெரியாது, செங்குத்தான பரப்பில் தொற்றிக்கொண்டுதான் இருக்கும். பட்டர்வொர்த் கடைவீடுகளின் மாடியில் உண்ணும் கூட்டுக்காக உழவாரன் வளர்க்கிறவர்கள் அதிகம் என்பதால் இந்த அழைப்பு வரத்தான் செய்யும்.

பறவைக்கு உண்மையிலேயே அடிபட்டிருந்தால் சொல்ல வேண்டியது: காற்றுத்துளையுள்ள அட்டைப்பெட்டி, உள்ளே துணி, மூடி வையுங்கள், டிவி சத்தமும் குழந்தைகளும் இல்லாத அறை, உணவு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். பறவையின் மூச்சுத்துளை நாக்கு தொடங்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னாலேயே திறந்திருக்கிறது. அலகில் ஊற்றும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். மஞ்சள் பூச வேண்டாம் என்றும் தனியாகச் சொல்லுங்கள், நாம் சொல்லாவிட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் பூசிவிடுவார்கள். மையம் தூரமென்றால் பெர்ஹிலித்தானின் 1-800-88-5151 எண்ணைக் கொடுங்கள்.

பூனை வாயில் பட்ட பறவை வெளியே சரியாகத் தெரிந்தாலும் அவசரக் கேஸ்தான். பூனைப் பல்லின் சிறு துளை வழியே போகும் பாக்டீரியா விரைவில் ரத்தத்தில் பரவும். அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். எலிப்பசையில் ஒட்டியது என்றால் பிய்த்து எடுக்காமல், பசை தெரியும் இடத்தில் தாள் ஒட்டி மூடி, அட்டையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

மேசைக்கு வந்த பறவையை உடனே ஆராயத் துடிக்காதீர்கள். கொண்டுவந்தவரிடம் எங்கே, எப்போது, எப்படி, என்ன கொடுத்தீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். இடத்தைத் துல்லியமாக எழுதுங்கள், பிறகு விடுவிப்பது அங்கேதான். பறவையை இருட்டில், வெதுவெதுப்பில் கொஞ்ச நேரம் விடுங்கள். பறவையின் இயல்பான உடல் வெப்பமே 40 டிகிரிக்கு மேல். இறகில்லாத குஞ்சுக்கு ஏறத்தாழ 35 டிகிரி தேவை. வெப்பம் முதலில், நீர்ச்சத்து அடுத்து, உணவு கடைசியில். இந்த வரிசை மாறினால் பட்டினி கிடந்த பறவை ஊட்டிய உணவாலேயே சாகும்.

காக்கை கேள்வியும் ஒருநாள் வரும். இங்குள்ள வீட்டுக் காக்கை 1890களில் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்ன இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. இப்போது அது மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது, நகராட்சிகள் சுட்டுக் குறைக்கின்றன. சனிக்கிழமை காக்கைக்குச் சோறு வைக்கும் வீட்டிலிருந்து ஒருவர் காக்கைக்குஞ்சோடு வாசலில் நிற்கும்போது என்ன சொல்வீர்கள்? மையத்தின் கொள்கை என்னவென்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அயல் இனத்தை வளர்த்து வெளியே விடக்கூடாது என்பதே என் கருத்து. ஆனால் அதை அந்த வாசலில் நிற்பவரிடம் முகத்துக்கு நேரே வாதாட வேண்டியதில்லை.

படி 8: பிடிப்பதும் விடுவதும்

பிடிக்கக் கற்றுத்தரும்போது மூன்று விதிகள். பறவைக்கு மூச்சு என்பது மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைவதுதான், மார்பை இறுக்கினால் மூச்சு நிற்கும். கொக்கும் நாரையும் கண்ணைக் குறிவைத்துக் குத்தும், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் கிட்டப் போகாதீர்கள். பருந்துக்கும் ஆந்தைக்கும் அலகைவிடக் காலைக் கவனியுங்கள், பிடி அங்கேதான். செம்பருந்தைப் பார்த்ததும் கருடன் என்று கும்பிடத் தோன்றினால் கும்பிட்டுக்கொள்ளுங்கள், கையுறையைப் போட்ட பிறகு.

நீண்ட கால் கொண்ட கரையோரப் பறவைகளைத் துரத்திப் பிடித்தாலே போதும், சதை சிதைந்து சில நாளில் இறக்கும். அவற்றின் கூண்டுப் பக்கம் தேவையில்லாமல் நடக்கக்கூடாது.

குஞ்சுகளிடம் பேசாதீர்கள். கொஞ்சாதீர்கள். மிகச் சிறிய வயதில் மனித முகத்தைப் பார்த்தே உண்டு வளரும் ஆந்தையும் இருவாச்சியும் தம்மையே மனிதராக நினைத்துக்கொள்ளும். அப்படி ஆன பறவைக்குத் துணை கிடைக்காது, பயமும் இருக்காது, வெளியே விட முடியாது. அதனால்தான் திரைக்குப் பின்னிருந்து ஊட்டுவதும், பொம்மை அலகால் ஊட்டுவதும், ஒரே இனக் குஞ்சுகளைச் சேர்த்து வளர்ப்பதும். சின்னஞ்சிறு பாடும் பறவைக் குஞ்சுக்கு விடிந்ததிலிருந்து இருட்டும் வரை 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஊட்ட வேண்டும். இத்தனை முறை அருகே போய்க்கொண்டு கொஞ்சாமல் இருப்பதுதான் கடினம்.

கருணைக்கொலையும் இந்த வேலையில் உண்டு. மூட்டு நொறுங்கிய இறக்கை, உடைந்த முதுகு இவற்றை இழுத்துக்கொண்டே போகாமல் மருத்துவர் முடித்துவைப்பார். முதல்முறை அருகில் நிற்கச் சொன்னால் நிற்கலாம், முடியாது என்றால் சொல்லலாம். இரண்டுமே மரியாதைக் குறைவு அல்ல. அன்றிரவு வீட்டில் யாரிடமாவது பேசுங்கள்.

விடுவிப்பைப் பலர் விழாவாக நினைக்கிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய. எடை அந்த இனத்துக்கு உரியதா, இறகு நீரை உதறுகிறதா, பெரிய கூண்டில் திரும்பித் திரும்பிப் பறந்தும் மூச்சு வாங்காமல் இருக்கிறதா, தானே இரை தேடுகிறதா, மனிதரைக் கண்டு விலகுகிறதா. ஆந்தையை அந்தியில், கண்டெடுத்த இடத்தருகே விட வேண்டும். நவம்பரில் கண்ணாடியில் மோதி மயங்கிய ஆறுமணிக்குருவி இனத்துப் பறவை தேறிவிட்டால் அதை நகரின் நடுவில் விடாமல் மரமடர்ந்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வலசைப் பருந்து என்றால் அதன் இனம் கிளம்பும் காலத்துக்குள் தேற வேண்டும். மார்ச் மாதத்தில் போர்ட் டிக்சன் அருகே தஞ்சோங் துவான் கடல்முனையில் சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி வரும் தேன்பருந்துகளைப் பார்த்தவருக்கு, நூறு சதவீதம் தேறாத இறக்கையை ஏன் விடக்கூடாது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

படி 9: எழுதி வையுங்கள், அடுத்ததைத் திட்டமிடுங்கள்

லாக் புக்கில் “இன்று பறவைகளுக்கு உணவு கொடுத்தேன்” என்று 60 நாளும் எழுதி வந்தால் விரிவுரையாளருக்குத் தூக்கம் வரும். நான்கைந்து பறவைகளைத் தேர்ந்து வந்த நாள் முதல் போன நாள் வரை தொடருங்கள்: எடை வரைபடம், உணவு, சிகிச்சை யார் சொன்னது, என்ன ஆனது. இறந்தவையும் அதில் இருக்கட்டும். பறவை இருக்கும் படத்தையும், கண்டெடுத்தவர் பெயரையும் மையத்தின் அனுமதி இல்லாமல் எங்கேயும் போடாதீர்கள். முராய் பாத்து மாதிரி பாடும் பறவைக்குத் திருட்டுச் சந்தை இருக்கிறது, இடத்தைச் சொல்வதே ஆபத்து.

சிபாரிசுக் கடிதத்தைக் கடைசி வாரத்திலேயே கேளுங்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் உங்கள் முகம் மறந்திருக்கும். தொடர விரும்புபவர்களுக்குச் சர்வதேச வனவிலங்கு மறுவாழ்வு மன்றம் அடிப்படைப் பாடங்களை இணையம் வழியே நடத்துகிறது. சிகிச்சையே உங்கள் வழி என்று முடிவானால் கால்நடை மருத்துவப் பட்டம் தவிர வேறு வழி இல்லை, அது 5 ஆண்டு. பராமரிப்பு வேலை போதும் என்பவர்கள் காட்சிச்சாலை, பூங்கா, அரசுத் துறை உதவியாளர் பணிகளைப் பார்க்கலாம். இதெல்லாம் எனக்கு ஒத்துவராது என்று பயிற்சியில் தெரிந்துகொண்டவர், குஞ்சுக்காலத்து மாதங்களில் வார இறுதித் தன்னார்வலராகத் தொலைபேசி எடுக்க முடியுமா என்று மையத்தைக் கேட்டுப் பார்க்கலாம். அந்த மாதங்களில் ஆள் எப்போதும் குறைவாகவே இருக்கும்.